நாற்பது மீட்டர் அலை

ஏப்ரல் 28, ஞாயிறு

மிளகாய் காயவைக்க மொட்டைமாடிக்குப் போனால், நாலாவது மாடியில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கும் மோகனசுந்தரம் அங்கே டேப்பை நீட்டி அளந்துகொண்டிருக்கிறார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு அறைச் சுவர்வரை ஒரு தடவை. திரும்ப இன்னொரு தடவை. வாடகைக்கு இருப்பவருக்கு மாடியின் நீளம் எதற்கு? கேட்டேன். "சும்மாதான் மேடம்" என்றார்.

சும்மா என்று சொல்கிறவர்களை வைத்துத்தான் என் உத்தியோகமே ஓடியது. தணிக்கைத் துறையில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு சும்மாவுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது உறையூரில் இந்த அடுக்கக சங்கத்துக்குச் செயலாளர். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

தனி ஆள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராம். சிரிக்கவும் மாட்டார், சண்டை போடவும் மாட்டார். அப்படிப்பட்டவர்களை நம்பவே கூடாது.

இவர் காபி கேட்டார். குடித்த டம்ளர் கையிலேயே இருந்தது. வெயில் அப்படிக் கொளுத்துகிறது. (இவர் என்றால் என் வீட்டுக்காரர், பேராசிரியர் அருணகிரி. பெயரை எழுதக் கை கூசுகிறது. இனிமேல் இவர்தான்.)

ஏப்ரல் 30, செவ்வாய்

நினைத்தேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி ஏறிவிட்டது. நடுவிலிருந்து கறுப்பு வயர் ஒன்று இறங்கி அவர் ஜன்னலுக்குள் போகிறது.

நேரே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே மேசைமேல் பெட்டி பெட்டியாக ஏதோ இருந்தது. ஹாம் ரேடியோவாம். பொழுதுபோக்காக, கவர்மென்ட் லைசென்ஸ் வாங்கி, வேறு ஊர்க்காரர்களோடு பேசுவார்களாம்.

"லைசென்ஸ் காட்டுங்க."

காட்டினார். முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருப்பது நல்லதுக்கில்லை.

"போன்லயே பேசலாமே. இதுக்கு எதுக்குக் கம்பி?"

"போன்ல தெரிஞ்சவங்ககிட்டதானே பேச முடியும் மேடம். இதுல தெரியாதவங்ககிட்டப் பேசலாம்."

தெரியாதவர்களிடம் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது?

"அது ஏன் சரியா இவ்வளவு நீளம்?"

"நான் பேசறது நாப்பது மீட்டர் அலையில. கம்பி அதுல பாதி இருக்கணும். இருபது மீட்டர்."

நாற்பது மீட்டர் அலை. எங்கள் கட்டிடத்தைவிட நீளம். இத்தனை குடும்பங்களுக்கு நடுவே அதை அவிழ்த்துவிட்டு, எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்.

மே 2, வியாழன்

அலையைப் பற்றி இவரிடம் கேட்டேன். முப்பத்து நாலு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பால்கனிக் கொடிக்கயிற்றை அவிழ்த்துவரச் சொன்னார். ஒரு நுனி என் கையில், மறுநுனி இவர் கையில்.

"மெதுவா ஆட்டறேன் பார்."

ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறு பெரிதாக ஒரு வளைவு வளைந்தது.

"இப்ப வேகமா."

கயிறு முழுக்கச் சின்னச் சின்ன வளைவுகள் நெளிந்தன.

"ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்தது ஒரு அலை. அது எவ்வளவு நீளமோ அதான் அலைநீளம். செகண்டுக்கு எத்தனை தடவை கை ஆடுதோ அது அதிர்வெண். கை வேகமா ஆடினா அலை குட்டையாகும். ரேடியோ அலை, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியற வெளிச்சம், புற ஊதா, எக்ஸ்ரே, காமாக் கதிர். எல்லாம் ஒரே சாதிதான் அரசி. எல்லாம் ஒரே வேகத்துல ஓடும். வரிசையில போகப் போக அலைநீளம் குறையும், அதிர்வெண் ஏறும், கூடவே சக்தியும் ஏறும்."

ஒரு இடத்தில் தடுமாறவில்லை. இந்த மனுஷரைப் பார்த்துத்தான் எங்கள் மகள் மாதங்கி மறதி, நரம்பு டாக்டர் என்று ஓசூரிலிருந்து வாரம் தவறாமல் ஓதுகிறாள். மறதிக்காரர் இப்படிப் பாடம் நடத்துவாரா? அவளுக்கு எங்களை ஓசூருக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்கு ஒரு சாக்கு.

அப்படியானால் மாடியில் இருக்கும் கம்பி ஆபத்தா என்று கேட்க வாயெடுத்தேன். சொல்லிவைத்தாற்போல மாதங்கியே போனில் வந்துவிட்டாள். பேசிவிட்டுத் திரும்பினேன். இவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொடிக்கயிறு ஏன் ஹால்ல கிடக்கு?" என்று கேட்டார்.

எடுத்துப்போய்ப் பால்கனியில் கட்டினேன்.

மே 3, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு ஒன்றுமில்லை.

மே 6, திங்கள்

ஹிந்து பேப்பரைக் காணோம் என்று வீட்டையே புரட்டினோம். ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. சாயங்காலம் பால்காரரைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தார். அவர்கள் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம்.

உட்கார்ந்து யோசித்தேன். கம்பி ஏறியது போன செவ்வாய். இதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் படுக்கையறைக்கு நேர்மேலேதான் அந்தக் கறுப்பு வயர் இறங்குகிறது. எக்ஸ்ரேயும் ரேடியோ அலையும் ஒரே சாதி என்று இவர் வாயாலேயே சொன்னார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே கர்ப்பிணிகள் வரக்கூடாது என்று ஏன் எழுதிப்போடுகிறார்கள்? நெருப்பில்லாமல் புகையாது.

பொங்கல் சமயத்தில் நடந்தது வேறு விஷயம். அது இதில் சேராது.

கீழ்வீட்டு நஸ்ரினை எச்சரித்துவைத்தேன். ஏழு மாதம் அவளுக்கு. கம்பிக்கு அடியில் துணி காயப்போடாதே என்றேன். "ராத்திரியில அவர் விக்டர், விக்டர்னு யாரையோ கூப்பிடறார் ஆன்ட்டி" என்றாள். யார் அந்த விக்டர்? இந்தக் கட்டிடத்தில் அந்தப் பெயரில் ஆள் கிடையாது.

மே 9, வியாழன்

விக்டர் ஆள் இல்லையாம். லைசென்ஸில் கொடுத்திருக்கும் அடையாளக் குறி V என்று ஆரம்பிக்கிறதாம், அந்த எழுத்து இரைச்சலில் தெளிவாகக் கேட்பதற்காக அப்படிச் சொல்வார்களாம். நல்ல பதில். முன்கூட்டியே யோசித்து வைத்த பதில்.

இன்று அவரைக் கணக்கில் மடக்கலாம் என்று போனேன். ஒரு கணக்கில் பொய் இருந்தால் வேறு இடத்தில் துருத்தும், துருத்தாமல் போகாது. அலைநீளத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரொம்ப சுலபம் மேடம். அலை செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுது. அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸ்ல சொன்னீங்கன்னா, முந்நூறை அதால வகுங்க. வர்றது மீட்டர்."

"உங்களோடது?"

"ஏழு மெகாஹெர்ட்ஸ். முந்நூறை ஏழால வகுத்தா நாப்பத்து மூணு கிட்ட வரும். பேச்சுக்கு நாப்பதும்போம்."

வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். எஃப்எம் ரேடியோ நூறு, வகுத்தால் மூன்று மீட்டர். மைக்ரோவேவ் அடுப்பைத் திருப்பி முதுகில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. வகுத்தால் பன்னிரண்டு சென்டிமீட்டர். எதை எடுத்தாலும் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது, இரண்டையும் பெருக்கினால் அதே முந்நூறு. சர்வீஸில் இப்படி ஒத்துப்போகும் கணக்கை நான் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இந்தக் கணக்குப்படி அவருடையது நீண்ட அலை, குறைந்த அதிர்வெண். எங்கள் மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கணக்கு சரியாக இருக்கும் இடத்தில்தான் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கணக்கு கம்பியைப் பற்றியது. இவர் இரண்டு நாளாகத் தலைவலி என்கிறாரே, அது எதைப் பற்றியது?

மே 13, திங்கள்

சாயங்காலம் இவர் கீழே நடக்கப் போனவர் இருட்டும்வரை வரவில்லை. கேட் வரை மூன்று முறை போய்ப் பார்த்தேன். கடைசியில் மோகனசுந்தரம் கூட்டிவந்தார். தோளில் கைபோட்டு, ஏதோ காலேஜ் சிநேகிதர்கள் மாதிரி.

"ஸார் என்கூட மொட்டைமாடியிலதான் இருந்தார் மேடம். பேசிட்டே இருந்ததுல நேரம் போனது தெரியல."

இவரும் ஆமாம் ஆமாம் என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. செருப்பு முழுக்கச் செம்மண். எங்கள் மொட்டைமாடி சிமென்ட் தரை. நான் காலையில் பெருக்கவைத்த தரை.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். இந்த ஆள் இவரை எங்கே அழைத்துக்கொண்டு போனார்? எதற்காக? இவருக்குப் பென்ஷன் வருவது தெரிந்திருக்குமோ?

மே 14, செவ்வாய்

செருப்பைக் கழுவிவைத்தேன். இவர் ஏனென்று கேட்கவில்லை.

மே 17, வெள்ளி

பயந்துவிட்டேன். இதை இங்கேயாவது எழுத வேண்டும்.

மத்தியானம் குளிக்கப் போனவர் துண்டோடு நடையிலேயே நின்றார். எந்தக் கதவு என்று தெரியவில்லை. பூஜை அலமாரியைத் திறக்கிறார், மூடுகிறார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். தெரியாத வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரிப்பதுபோல மரியாதையான சிரிப்பு. ஒரு கணம்தான். "என்ன அரசி அப்படிப் பார்க்கறே" என்றார் உடனே. குளித்துவிட்டு வந்து ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

போதும். அந்தக் கம்பி போயாக வேண்டும். போனால் இவர் பழையபடி ஆகிவிடுவார். தலைவர் ஜம்புலிங்கத்திடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடச் சொல்லிவிட்டேன். இவரையே பேசவைக்கப் போகிறேன். பேராசிரியர் சொன்னால் இந்தக் கட்டிடத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது.

என்ன பேசுவார் என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. சாட்சியிடம் முன்கூட்டிக் கேட்பது முறையில்லை.

மாதங்கி போன் செய்தாள். அப்பா நன்றாக இருக்கிறார் என்றேன்.

மே 19, ஞாயிறு

தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதாக. எங்கள் பக்கம்தான் ஜெயம்.

கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்தோம். இவருக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக்கொடுத்தேன், பொத்தானும் நானே போட்டுவிட்டேன். எழுந்து நின்றதும் அதே பழைய கம்பீரம். "மின்காந்த அலைகள் எல்லாம் ஒரே சாதி" என்று ஆரம்பித்தார். ரேடியோ முதல் காமாவரை வரிசையை மூச்சுவிடாமல் சொன்னார். ஜம்புலிங்கம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு சொன்னார்:

"இப்ப இந்தக் கம்பி இருக்கு. கம்பி நீளம், அதனால அலையும் நீளம். அலைநீளம் கூடக் கூட அதிர்வெண் கூடும். அதிர்வெண் கூடினா சக்தி கூடும். எக்ஸ்ரேயை விட எத்தனையோ மடங்கு பெரிய அலை இது. ஆபத்துதான்."

கை தட்டினார்கள்.

எனக்கு உடனே இடித்தது. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து ஏறினால் முந்நூறு எப்படி நிற்கும்? கயிற்றை ஆட்டிக் காட்டியது இவர்தானே?

மோகனசுந்தரத்தைப் பார்த்தேன். இப்போது பிடித்துக்கொள்வார், நாலு பேர் முன்னால் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க தரப்புல ஏதாவது உண்டா?" என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

"ஸாரே சொன்னப்புறம் நான் என்ன சொல்றது. அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு, கழட்டிடறேன்."

போகும்போது இவர் அவர் தோளைத் தட்டி, "கிளாஸ்ல இப்படித்தான் கவனமா இருக்கணும்" என்றார். அவர் "சரி ஸார்" என்றார்.

மேடையில் பேசிப் பல வருஷம் ஆகிவிட்டது. வாய் தவறியிருக்கும். யாருக்கும் வரக்கூடியதுதான்.

மே 20, திங்கள்

ஜெயித்த மறுநாள் இப்படியா இருக்கும்? ஒரு வாய் இறங்கவில்லை.

அந்த மனுஷர் ஏன் பேசாமல் இருந்தார்? தெரியாமல் இல்லை, எனக்கே கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர். விட்டுக்கொடுக்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். அந்த ஆள் எதற்காக விட்டுக்கொடுத்தார்?

பத்து மணிக்கு நஸ்ரின் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மூணு வாரமா அதுக்கு அடியிலேயேதான் ஆன்ட்டி நடமாடினேன். எக்ஸ்ரேயை விட மோசம்னு ஸார் சொல்லிட்டாரே. இனிமே கழட்டி என்ன பிரயோஜனம்? பிள்ளைக்குப் பட்டது பட்டதுதானே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா."

"ஸார் சொன்னாரே."

நாளைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கப் போகிறாளாம். எடுத்தது போன வாரம்தான். அவள் புருஷன் வேறு வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டானாம். இந்தப் பெண்ணைப் பயமுறுத்தியது நான்.

மே 22, புதன்

மொட்டைமாடிக்குப் போனேன். மோகனசுந்தரம் கம்பிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பேசாம இருந்தீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"எதைப் பத்தி மேடம்?"

"நடிக்காதீங்க. அவர் சொன்னது தலைகீழ். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். உங்களுக்கும் தெரியும்னு உங்க முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் நான் பேசி என்ன பண்ண? கம்பி போனா வேற இடத்துல கட்டிக்கலாம். அவ்வளவு பேருக்கு முன்னாடி ஸாரைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆள் யார் எங்களுக்காக இரக்கப்பட? அன்றைக்குச் செம்மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இனி தப்ப முடியாது என்று தெரிந்திருக்கும். சொன்னார்.

"சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல பார்த்தேன் மேடம். லால்குடி பஸ்ல ஏறி உட்கார்ந்திருந்தார். காலேஜுக்கு நேரமாச்சு, முதல் பீரியட் எனக்குத்தான்னார். இறக்கிக் கூட்டிட்டு நடந்தே வந்தோம். ரோடு வேலை நடக்குது இல்ல, வழியெல்லாம் மண்ணு. பாதி வழியில அவருக்கே தெளிஞ்சுடுச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"ஸார்தான் சொல்ல வேணாம்னார்."

"ஏன்?"

சொல்லத் தயங்கினார். சொல்லுங்க என்றேன்.

"'அரசிக்கு எல்லாத்து மேலயும் சந்தேகம் வரும்ப்பா. என்மேல மட்டும் வந்ததில்ல. அது அப்படியே இருக்கட்டும்'னார்."

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். மிளகாய்த் தட்டை எடுக்காமலே வந்துவிட்டேன்.

மே 23, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 24, வெள்ளி

பொங்கலன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பானை பொங்கியதும் இவர் வழக்கம்போலக் குலவையிடச் சொல்லி மாதங்கியைக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்து, "நீ யாரும்மா, மாதங்கியோட சிநேகிதியா?" என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பெரிதாகச் சிரித்தேன். மாதங்கி சிரிக்கவில்லை. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி உள்ளே போனாள். அதற்கும் முன்னால் தீபாவளிக்கு ஒரு தடவை. அதற்கும் முன்னால், இவர் தம்பி வீட்டுக் கல்யாணத்தில்.

அப்போதெல்லாம் மொட்டைமாடியில் கம்பி இல்லை.

யாரோ மூன்றாம் மனிதர் கணக்காக இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். முழுப் பூசணிக்காயை நானே சோற்றில் மறைத்துவிட்டு, மேலே ஒருவர் கம்பி கட்டியதும் அவர் தலையில் கொண்டுபோய்க் கொட்டினேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

மாதங்கிக்குப் போன் செய்தேன். டாக்டர் பெயரைச் சொல்லு என்றேன். அவள் எதுவும் கேட்காமல் சொன்னாள்.

மே 26, ஞாயிறு

காலையில் மோகனசுந்தரம் தொட்டிமேல் ஏணி சாத்தி, குறடோடு ஏறிவிட்டார். ஜம்புலிங்கம் கீழே நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரினும் அவள் புருஷனும் படிக்கட்டு வாசலில் நின்றார்கள். கம்பி கழன்று விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று வந்திருக்கிறாள்.

"இறங்குங்க தம்பி. கழட்ட வேண்டாம்" என்றேன்.

ஜம்புலிங்கம் திரும்பினார். "என்னம்மா இது? தீர்மானம் போட்டாச்சு. நீங்கதானே கொண்டுவந்தீங்க?"

"நான்தான். வாபஸ் வாங்கிக்கறேன். இந்தக் கம்பியால யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"பேராசிரியர் அவ்வளவு தெளிவா ஆபத்துன்னு சொன்னாரே. அவரை விடவா உங்களுக்குத் தெரியும்?"

நஸ்ரின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோகனசுந்தரம் ஏணியில் பாதியில் நின்று, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். இன்னமும் எங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார். இந்த ஆளையா நான் ஒரு மாதமாக வேவு பார்த்தேன்?

"அவர் சொன்னது தப்பு" என்றேன். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் வெளியாள் எதிரில் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "அலை நீளமா இருந்தா அதிர்வெண் குறையும், கூடாது. எக்ஸ்ரே குட்டையிலும் குட்டை அலை, அதனாலதான் அதுக்கு அவ்வளவு சக்தி. இது நாப்பது மீட்டர். எங்க வீட்டு மைக்ரோவேவ்ல பாதி மூச்சுகூட இதுக்குக் கிடையாது. உன் குழந்தைக்கு ஒண்ணும் ஆகலம்மா நஸ்ரின். ஆகவும் ஆகாது."

"அப்ப ஸார் ஏன் ஆன்ட்டி அப்படிச் சொன்னாங்க?"

"அவர் முப்பத்து நாலு வருஷம் இதைச் சரியாத்தான் சொல்லிக்குடுத்தார். இப்ப அவருக்குத் தெரியல. உடம்பு சரியில்ல. கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளா."

ஜம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நஸ்ரின் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன். மோகனசுந்தரம் ஏணியை மடக்கிச் சுவரோரம் சாத்திவைத்தார்.

கீழே வந்தபோது இவர் வாசல் கதவைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"மேல என்ன சத்தம்?"

"கம்பியைக் கழட்டறதா இருந்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

"எதுக்குக் கழட்டணும்?"

"ஆபத்துன்னு."

இவர் சிரித்தார். "ரேடியோ அலையா? அது நீள அலை அரசி. நீளம் கூடினா அதிர்வெண் இறங்கிடும், சக்தியும் இறங்கிடும். பிளஸ் டூ பையனுக்குத் தெரியுமே. எவன் அப்படி உளறினான்?"

"யாரோ கூட்டத்துல சொன்னாங்க."

"அந்த ஆளை ஒரு நாள் என்கிட்டக் கூட்டிட்டு வா. கயிறை வெச்சு அஞ்சு நிமிஷத்துல புரியவைக்கறேன். பாவம், யாரும் சரியாச் சொல்லிக்குடுக்கல போல."

சரிங்க என்றேன். செவ்வாய்க்கிழமை காலை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.